மருத்துவ பீடத்தில் உளமருத்துவ மாணவர் மன்றம் தொடங்குவது எப்படி: யாழ்ப்பாண மாணவருக்கு ஒரு வழிகாட்டி

நீங்கள் மூன்றாம் அல்லது நான்காம் வருட மருத்துவ மாணவர். உளமருத்துவத்தில் ஆர்வம் இருக்கிறது; அல்லது ஆர்வம் இல்லாவிட்டாலும் அந்தப் பாடத்தை நினைத்தால் ஒரு பயம் இருக்கிறது. நாலு பேர் சேர்ந்து மன்றம் ஒன்று தொடங்குவோம் என்று கன்டீனில் கதைத்தும் விட்டீர்கள். அடுத்து யாரிடம் போவது, என்ன எழுதுவது, எவ்வளவு செலவாகும் என்று தெரியவில்லை. எங்களுக்கு இதையெல்லாம் ஒரே இடத்தில் சொல்லித்தர ஆள் இருக்கவில்லை. ஒவ்வொரு கதவாகத் தட்டித்தான் அறிந்துகொண்டோம். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

இறுதி எம்.பி.பி.எஸ். பரீட்சையில் உளமருத்துவம் தனிப் பாடம். மருத்துவம், சத்திரசிகிச்சை, மகப்பேறு, குழந்தை மருத்துவம் ஆகியவற்றுக்குப் பக்கத்தில் சமமாக நிற்கிறது. ஆனால் நோயாளியோடு இருந்து கதைத்துப் பழகக் கிடைக்கும் நாட்கள் குறைவு. இதயத்தில் கேட்கும் மர்மர் ஒலியை இந்தக் கிழமை பிடிக்க முடியாவிட்டால் அடுத்த கிழமை வேறு வாட்டில் பிடிக்கலாம். “சாக வேணும் போல இருக்கா” என்று ஒருவரிடம் கேட்டுப் பழக வேறு வாட் இல்லை. எங்களில் பெரும்பாலானோர் உளநல நிபுணராக வரப்போவதும் இல்லை. மாங்குளத்திலோ மன்னாரிலோ இரவுக் கடமையில் தனியாக இருக்கும்போது, பூச்சிமருந்து குடித்த ஒரு பிள்ளையை ஓட்டோவில் கொண்டுவருவார்கள். அந்த இரவுக்குத் தயாராவதற்குத்தான் இந்த மன்றம்.

பிரித்தானிய மருத்துவக் கல்லூரிகள் பலவற்றில் இப்படியான மாணவர் சங்கங்கள் இயங்குகின்றன. அங்கே இந்தத் துறைக்கு ஆள் சேர்ப்பதும் ஒரு முக்கிய நோக்கம். அவர்களுடைய நிகழ்ச்சித் திட்டத்தை அப்படியே இறக்கி வைக்காதீர்கள். எங்கள் தேவை வேறு.

1. நோக்கத்தை ஒரு பக்கத்தில் எழுதுங்கள்

யாரையும் சந்திக்கப் போகமுதல் இதைச் செய்யுங்கள். ஒரு பக்கம் போதும். எங்களுடையதில் முதல் வரி இப்படி இருந்தது: “மாதம் இருமுறை, ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரம், உளநல நோயாளிகளோடு தமிழில் கதைக்கும் பயிற்சி.” அதற்குக் கீழே யார் வரலாம், யார் மேற்பார்வை செய்வார், எங்கே கூடுவோம் என்று நாலைந்து வரிகள்.

அதே பக்கத்தில் எதைச் செய்ய மாட்டோம் என்பதையும் எழுத வேண்டும். “மாணவருக்கு உளவளத்துணை வழங்குதல்” என்று யாராவது ஆசைப்பட்டுச் சேர்ப்பார்கள். சேர்க்க விடாதீர்கள். பயிற்சி முடியாத மாணவர்கள் சக மாணவருக்கு ஆலோசனைச் சேவை நடத்துவது ஆபத்து. பொறுப்பான எந்த விரிவுரையாளரும் அந்த வரியைக் கண்டவுடன் தாளைத் திருப்பித் தந்துவிடுவார். தருவதுதான் சரி.

2. சிரேஷ்ட பொருளாளரைத் தேடுங்கள்

இலங்கைப் பல்கலைக்கழகங்களில் மாணவர் சங்கம் ஒன்றுக்குக் கல்விசார் ஊழியர் ஒருவர் சிரேஷ்ட பொருளாளராக இருப்பது வழமை. காசோலையில் கையெழுத்து வைப்பது மட்டும் அவர் வேலையில்லை. உங்கள் மன்றத்தில் ஏதும் பிழைத்தால் பீடம் முதலில் கூப்பிடுவது அவரைத்தான். ஆகவே பெரிய பெயருக்காக ஒருவரைக் கேட்காதீர்கள். மாதத்தில் ஒரு மணி நேரம் உண்மையிலேயே வரக்கூடியவரைக் கேளுங்கள்.

தொலைபேசியில் கேட்க வேண்டாம். அந்த ஒரு பக்கத்தை அச்செடுத்துக்கொண்டு, கிளினிக் இல்லாத நாளில், இரண்டு பேராக நேரில் போங்கள். “சேர், மாதத்தில் ஒரு அமர்வுக்கு நீங்கள் இருந்தால் போதும், மற்றதை நாங்கள் ஒழுங்குபடுத்துவோம்” என்று தெளிவாகச் சொல்லுங்கள். எவ்வளவு நேரம் கேட்கிறீர்கள் என்று தெரியாமல் ஒருவரும் சம்மதிக்க மாட்டார். சம்மதித்தால் அதை எழுத்தில் வாங்குங்கள்.

வைத்தியசாலையில் சுகாதார அமைச்சின் கீழ் வேலை செய்யும் நிபுணரையும், மனநல மருத்துவ அதிகாரியையும், உளநலச் சமூகசேவையாளரையும் ஆலோசகர்களாகச் சேர்க்கலாம். நோயாளியின் வீடு, கடன், மருந்துக்கு வராமல் நிற்பதற்கான காரணம் என்பவை சமூகசேவையாளருக்குத் தெரிந்த அளவு வேறு ஒருவருக்கும் தெரியாது. எங்கள் அமர்வுகளில் எல்லோரும் காது கொடுத்துக் கேட்டவை அவர்கள் சொன்ன கதைகள்தான்.

3. பதிய முன்பு கூடிப் பாருங்கள்

பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பெயர், இலச்சினை, ரீசேட், பதிவு, திறப்புவிழா எல்லாம் நடக்கும். அதற்குப் பிறகு ஒரு அமர்வும் நடக்காது. நீங்கள் முதலில் மூன்று அமர்வு நடத்துங்கள். துறையின் அனுமதியோடு, விரிவுரையாளர் ஒருவரின் முன்னிலையில், பன்னிரண்டு பேர் அளவில். இதற்குப் பதிவு தேவையில்லை. துறையின் கல்விச் செயற்பாடாகவே நடக்கலாம். மூன்றாவது அமர்வுக்கும் எட்டுப் பேர் வந்தால் பதிவு வேலையில் இறங்குங்கள். வரவுப் பதிவைப் பதிவிலக்கத்தோடு வைத்திருங்கள், பின்னால் அது ஓர் ஆவணமாக உதவும்.

இரண்டு, மூன்று பற்ச்களில் இருந்து ஆட்களைச் சேருங்கள். ஒரே பற்ச் தொடங்கிய மன்றம் அந்தப் பற்ச்சோடு முடிந்துவிடும். ஆனால் கனிஷ்ட மாணவரை “எல்லாரும் கட்டாயம் வரவேணும்” என்று சொல்லி ஒருநாளும் கொண்டுவர வேண்டாம். பகிடிவதையைத் தடைசெய்யும் 1998ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது என்பது ஒருபுறம். மனநலம் பேசும் இடத்துக்கு ஒரு பிள்ளையை வெருட்டிக் கூட்டிவந்தால் அந்த இடம் கெட்டுப்போகும் என்பது அதைவிடப் பெரிய விசயம். முதலாம் வருட மாணவருக்கு அறிவித்தல் மட்டும் போடுங்கள். விரும்பினால் வருவார்கள்.

4. ஆவணங்கள்

மாணவர் சேவைகள் கிளைக்கு முதலில் வெறுங்கையோடு போய், இப்போது நடைமுறையில் உள்ள படிவத்தையும் தேவையான இணைப்புகளின் பட்டியலையும் வாங்கி வாருங்கள். பழைய சங்கம் ஒன்றின் கோப்பைப் பார்த்து எழுதினால் அரைவாசி திரும்பி வரும். பொதுவாகக் கையில் இருக்க வேண்டியவை இவை:

- பீடாதிபதிக்கு முகவரியிட்டு, துறைத் தலைவர் ஊடாக எழுதிய கோரிக்கைக் கடிதம்
- யாப்பு
- தொடக்கக் கூட்டத்தின் அறிக்கை, திகதியோடும் வந்தோர் கையெழுத்தோடும்
- தலைவர், செயலாளர், பொருளாளர் முதலிய உத்தியோகத்தர்களின் பெயர், பதிவிலக்கம், பற்ச்
- உறுப்பினர் பட்டியல்
- சிரேஷ்ட பொருளாளரின் சம்மதக் கடிதம்
- ஒரு வருட நிகழ்ச்சித் திட்டமும் பாதீடும்

ஒவ்வொன்றிலும் மூன்று பிரதி எடுங்கள். கொடுக்கும்போது உங்கள் பிரதியில் “கிடைத்தது” என்று திகதி முத்திரை குத்தி வாங்குங்கள். இரண்டு மாதம் கழித்துக் கடிதம் எங்கே என்று தேடும்போது அந்த முத்திரைதான் உங்களைக் காப்பாற்றும்.

யாப்புக்கு நாலு பக்கம் போதும். பெயர், நோக்கம், அங்கத்துவம், தெரிவு, வருடாந்தப் பொதுக்கூட்டம், நிதி, திருத்தம், கலைப்பு. இதில் மூன்று இடங்களில் கவனமாக இருங்கள். ஒன்று, கோரம், அதாவது கூட்டம் நடத்த ஆகக்குறைந்தது எத்தனை பேர் வரவேண்டும் என்பது. உறுப்பினரில் அரைவாசி என்று எழுதினால் உங்கள் பொதுக்கூட்டம் ஒருநாளும் கூடாது, ஏனென்றால் எந்த நாளிலும் ஒரு குழு கசுவல்டியில் நிற்கும். நாலில் ஒரு பங்கு என்று போடுங்கள். இரண்டாவது, சிரேஷ்ட பொருளாளர் வெளிநாட்டுப் பயிற்சிக்குப் போனால் யார் கையெழுத்து வைப்பது என்பதற்கு ஒரு வாசகம் வேண்டும். மூன்றாவது, பெயர். பல்கலைக்கழகத்தின் பெயரையோ இலச்சினையையோ அனுமதி கிடைக்க முன்பு பதாகையிலும் முகநூலிலும் போட வேண்டாம். இதனாலேயே விண்ணப்பங்கள் நிற்கும்.

5. எவ்வளவு காலம் எடுக்கும்

பீடச்சபை மாதம் ஒருமுறை கூடும். நிகழ்ச்சிநிரல் கூட்டத்துக்கு முதலே மூடிவிடும். நீங்கள் ஒரு நாள் பிந்தினாலும் உங்கள் கடிதம் அடுத்த மாதத்துக்குப் போய்விடும். அதற்கு மேல் போகவேண்டிய அனுமதிகளும் இருந்தால் இன்னொரு மாதத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு முதல் நாலு மாதம் என்று மனதில் வைத்துத் தொடங்கினால் ஏமாற்றம் இல்லை. பரீட்சைக்கு முந்திய ஆறு கிழமைக்குள் எதையும் தொடங்க வேண்டாம்.

நிகழ்ச்சிகளை நாட்காட்டியில் போடும்போது நல்லூர்க் கொடியேற்றத்தில் இருந்து 25 நாட்களையும் விட்டுவிடுங்கள். அந்த நாட்களில் மாலைக் கூட்டம் வைத்தால் வெறும் கதிரைகள்தான் இருக்கும். மழைக்காலமான ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை வெளியிடத்து நிகழ்ச்சி வேண்டாம். வழமையான அமர்வுக்கு எங்களுக்குச் சரிவந்தது பின்னேரம் 4.30இல் இருந்து 5.30 வரை. வடமராட்சி, தென்மராட்சியில் இருந்து பஸ்ஸில் வந்துபோகும் பிள்ளைகள் இருட்ட முன்பு வீடு போகலாம். ஒரு மணி நேரம் என்றால் ஒரு மணி நேரம்தான். இழுபட்டால் அடுத்த முறை ஆட்கள் குறைவார்கள்.

6. அமர்வில் என்ன செய்வது

மன்றம் நிலைக்குமா என்பது இந்த இடத்தில்தான் முடிவாகிறது. விரிவுரை வைக்காதீர்கள். பகல் முழுவதும் விரிவுரை கேட்டவர்களுக்குப் பின்னேரமும் இன்னொன்று வேண்டாம்.

நேர்காணல் பயிற்சி

எங்களுக்கு மிகவும் பயன்பட்டது இதுதான். மூன்று மூன்று பேராகப் பிரியுங்கள்: ஒருவர் வைத்தியர், ஒருவர் நோயாளி, ஒருவர் பார்ப்பவர். எட்டு நிமிடம் கதை, ஐந்து நிமிடம் கருத்து, பிறகு இடம் மாறுதல். நோயாளியாக இருப்பவருக்கு ஒரு அட்டை. அதில் அவர் தானாகச் சொல்ல வேண்டியவையும், கேட்டால் மட்டும் சொல்ல வேண்டியவையும் தனித்தனியாக எழுதியிருக்க வேண்டும். ஒரு அட்டையைக் காட்டுகிறேன்.

“வயது 41. தோட்டம் செய்பவர். நித்திரை இல்லை என்று வந்திருக்கிறார். கேட்டால் மட்டும்: வெங்காயத்துக்குப் பட்ட கடன், இரண்டு மாதமாகச் சாப்பாட்டில் மனமில்லை, சாவதைப் பற்றிய யோசனை, தோட்டத்து மருந்து வீட்டுக் கொட்டிலில் இருக்கிறது.”

கதை இப்படிப் போகும்.

“நித்திரை எப்பிடி அண்ணை?”

“படுக்கிறன். விடிய மூண்டு மணிக்கு முழிப்பு வந்திடும். பிறகு ஒரே யோசனை.”

“என்ன யோசனை?”

“கடன்தான். வேற என்ன.”

“இப்பிடி யோசிச்சுக்கொண்டு கிடக்கேக்க, இருந்து என்ன பிரயோசனம் எண்டு தோன்றினதோ?”

இந்தக் கேள்விக்குப் பிறகு நோயாளியாக இருப்பவர் சில வினாடி பேசாமல் இருக்க வேண்டும் என்று அட்டையில் எழுதுங்கள். அந்த மௌனத்தைப் பொறுக்க முடியாமல் முக்கால்வாசிப் பேர் “சரி, சாப்பாடு எப்பிடி?” என்று தாவிவிடுவார்கள். தாவாமல் இருக்கப் பழகுவதுதான் பயிற்சி. அதற்கு அடுத்த கேள்வி நேராக வரவேண்டும்: “உயிரை விடுறதைப் பற்றி யோசிச்சனீங்களோ?” பிறகு, “எப்பிடிச் செய்யிறது எண்டு நினைச்சனீங்களோ? மருந்து ஏதும் வீட்டில இருக்கோ?”

இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாங்களே விதைத்துவிடுவோமோ என்ற பயம் எல்லா அமர்விலும் எழும்பும். கேட்பதால் எண்ணம் வருவதில்லை. கேட்கப்பட்டவருக்குப் பெரும்பாலும் ஆறுதல்தான் வரும். வீட்டில் இருக்கும் மருந்தைப் பற்றிக் கேட்பதற்கு எங்கள் நாட்டிலேயே வலுவான காரணம் இருக்கிறது. 1995இல் இலங்கையின் தற்கொலை வீதம் ஒரு இலட்சம் பேருக்கு 47 அளவுக்கு உயர்ந்து நின்றது. கொடிய பூச்சிகொல்லிகளைப் படிப்படியாகத் தடைசெய்த பிறகு அது பெரிய அளவில் இறங்கியது. கைக்கெட்டும் தூரத்தில் நஞ்சு இல்லாவிட்டால் பல உயிர்கள் தப்பும். ஆகவே அந்தக் கொட்டில் மருந்தை யார் எடுத்துப் பூட்டிவைப்பது என்று வீட்டாரோடு கதைப்பதையும் பயிற்சியில் சேருங்கள். தற்கொலை முயற்சி 1998இல் இருந்து இங்கே குற்றமில்லை என்பதையும் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். பொலிசுக்குப் பயந்து “தவறுதலாகக் குடித்திட்டார்” என்று சொல்லும் குடும்பங்கள் இன்னும் வருகின்றன.

எங்கள் பற்ச்களில் சிங்களம் பேசும் நண்பர்கள் இருக்கிறார்கள். வாட்டில் அவர்களுக்கு உள்ள முதல் இடர் தமிழ்தான். அவர்களைத் தமிழ் பேசும் ஒருவரோடு சோடி சேர்த்து, நோயாளிகள் வழமையாகச் சொல்லும் பேச்சுகளை எழுதிக் கொடுங்கள்: “நெஞ்சு படபடக்குது”, “தலைக்குள்ள இரைச்சல்”, “ஆரோ காதுக்குள்ள கதைக்கினம்”, “செய்வினை செய்துபோட்டினம்”. கலந்துரையாடல் ஆங்கிலத்தில் நடக்கட்டும், நேர்காணல் தமிழில் நடக்கட்டும். உண்மையைச் சொன்னால் தமிழ் மாணவருக்கும் இந்தப் பயிற்சி தேவை. பாடப்புத்தகத்தை ஆங்கிலத்தில் படித்தவர்கள் நோயாளிக்கு முன் இருந்துகொண்டு சொல் தேடித் தடுமாறுவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

பாலின்ட் குழு

உளப்பகுப்பாளர் மைக்கல் பாலின்ட் 1950களில் இலண்டனில் குடும்ப வைத்தியர்களோடு தொடங்கிய முறை இது. ஆறு முதல் பத்துப் பேர் வட்டமாக இருப்பார்கள். ஒருவர், மனதை விட்டுப் போகாத ஒரு நோயாளியைப் பற்றிக் குறிப்புத் தாள் இல்லாமல் ஐந்து நிமிடம் சொல்வார். பிறகு அவர் கதிரையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு பேசாமல் கேட்பார். மற்றவர்கள் நோய் என்ன, மருந்து என்ன என்று போகாமல், அந்த நோயாளி என்ன உணர்ந்திருப்பார், வைத்தியர் என்ன உணர்ந்திருப்பார் என்று கதைப்பார்கள். கடைசியில் சொன்னவர் திரும்ப உள்ளே வருவார். இதை மாணவர்கள் தனியே நடத்தக்கூடாது. உளமருத்துவரோ அனுபவமுள்ள உளவளத்துணையாளரோ வழிநடத்த வேண்டும். அவர் வரமுடியாத நாளில் அமர்வை ஒத்திவையுங்கள். போர் பார்த்த வீடுகளில் வளர்ந்த பிள்ளைகள் எங்கள் வட்டத்தில் இருக்கிறார்கள். நோயாளியின் கதை எந்த இடத்தில் யாருக்குக் குத்தும் என்று முன்கூட்டியே தெரியாது.

நோயில் இருந்து மீண்டவர் வந்து கதைப்பது

வாட்டில் நாங்கள் ஒருவரை நோய் முற்றிய நிலையில் மட்டும் காண்கிறோம். அவர் சுகமாகித் திரும்பக் கடை நடத்துவதைக் காண்பதில்லை. அதனால் சித்தப்பிரமை என்றால் மீளவே முடியாது என்ற எண்ணம் படித்தவர்களிடமும் ஒட்டிக்கொள்கிறது. மீண்ட ஒருவர் முன்னால் இருந்து கதைத்தால் அது மாறும். வருடத்தில் ஒருமுறை போதும். அவருக்குச் சிகிச்சை செய்யும் வைத்தியர் ஊடாகக் கேளுங்கள், நேரடியாகக் கேட்காதீர்கள். மறுத்துச் சொல்ல அவருக்கு இடம் இருக்க வேண்டும். கேள்விகளை முன்கூட்டியே காட்டுங்கள். ஒலிப்பதிவு, படம் ஒன்றும் இல்லை. போக்குவரத்துச் செலவை அன்றைக்கே உறையில் போட்டுக் கொடுங்கள். அவர் வீடு போய்ச் சேர்ந்த பிறகும், அடுத்த நாளும் எடுத்துக் கதையுங்கள்.

வாசிப்பும் படமும்

இலங்கை உளமருத்துவர் கல்லூரி வெளியிடும் சஞ்சிகையை இணையத்தில் காசில்லாமல் வாசிக்கலாம். எங்கள் வாட்டில் காணும் நோயாளிகளைப் பற்றிய கட்டுரைகள் அதில் வரும். உலக சுகாதார நிறுவனத்தின் எம்.எச்.கப் (mhGAP) என்ற மனநல வழிகாட்டியின் 2016ஆம் ஆண்டுப் பதிப்பும் இலவசம். நிபுணர் இல்லாத வைத்தியசாலையில் வேலை செய்யப்போகிறவருக்கென்றே எழுதப்பட்டது. நோய்களின் சர்வதேச வகைப்பாடான ஐ.சி.டி.யின் 11ஆம் பதிப்பு நடைமுறைக்கு வந்தது 2022 ஜனவரியில். பத்தாம் பதிப்பில் இருந்து என்ன மாறியது என்பதை ஓர் அமர்வில் பார்க்கலாம். படம் போடுவதென்றால் முழுப் படம் வேண்டாம், இருபது நிமிடத் துண்டும் நாற்பது நிமிடக் கதையும். தற்கொலைக் காட்சி உள்ள துண்டைத் தவிருங்கள்.

7. நோயாளியின் இரகசியம்

பெயரை எடுத்துவிட்டால் போதும் என்று நினைக்க வேண்டாம். யாழ்ப்பாணம் சின்ன இடம். “தீவுப்பகுதியில் இருந்து வந்த, மூன்று பிள்ளைகள் கனடாவில் இருக்கும், ஓய்வுபெற்ற அதிபர்” என்று சொன்னால் அறையில் இருக்கும் இருபது பேரில் ஒருவருக்காவது அவர் மாமா முறையாக இருப்பார். ஊர், தொழில், வெளிநாட்டில் உள்ள உறவு, படித்த பாடசாலை இவற்றில் இரண்டையாவது மாற்றித்தான் கதைக்க வேண்டும். “அறுபதுகளில் உள்ள, அரச வேலை பார்த்த ஒருவர்” என்றால் போதும்.

வட்ஸ்அப் குழுவில் நேரம், இடம், வாசிக்க வேண்டிய கட்டுரை, இவ்வளவுதான். நோயாளியைப் பற்றி ஒரு வரியும் போகக்கூடாது, மருந்துத் துண்டின் படமும் போகக்கூடாது. இதை யாப்பிலேயே எழுதி, சேரும்போது ஒவ்வொருவரிடமும் கையெழுத்து வாங்குங்கள். மீறினால் அங்கத்துவம் போகும் என்பதையும் எழுதுங்கள்.

மன்றத்தின் பெயரில் வாட்டுக்குப் போவதென்றால் நிபுணரின் அனுமதியும் வைத்தியசாலைப் பணிப்பாளரின் அனுமதியும் எழுத்தில் வேண்டும். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கும் இது பொருந்தும், தெல்லிப்பழை வைத்தியசாலைக்கும் இது பொருந்தும். மாணவர் அட்டை இருக்கிறதே என்று பின்னேரத்தில் உள்ளே போகாதீர்கள்.

8. வெளியிடத்து நிகழ்ச்சிகள்

முதல் வருடத்தில் ஒன்றும் வேண்டாம் என்பதே என் கருத்து. செப்டெம்பர் 10 தற்கொலைத் தடுப்பு நாள், ஒக்டோபர் 10 உலக மனநல நாள் என்று வரும்போது ஊர்வலம், பதாகை, ரீசேட் என்று எல்லோருக்கும் கை பரபரக்கும். வருடக் காசு முழுவதும் அந்த ஒரு நாளில் போய்விடும்.

இரண்டாம் வருடத்தில் பாடசாலைக்குப் போவதாக இருந்தால் அதிபரிடம் மட்டும் கேட்டால் போதாது. வலயக் கல்விப் பணிப்பாளரின் அனுமதி எடுங்கள். மாவட்டத்தில் ஐந்து வலயங்கள்: யாழ்ப்பாணம், வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, தீவகம். கடிதத்தோடு பேசப்போகும் விடயத்தையும், வரப்போகும் விரிவுரையாளரின் பெயரையும் இணையுங்கள். ஒரு மாதம் முன்னதாகக் கொடுங்கள்.

பாடசாலையில் வினாக்கொத்துக் கொடுத்து மனச்சோர்வு உள்ள பிள்ளைகளைக் கண்டுபிடிக்கும் வேலையைச் செய்யவே வேண்டாம். பி.எச்.கியூ. 9 என்ற மனச்சோர்வு வினாக்கொத்து இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும், ஒன்பது கேள்விதான், பத்து நிமிட வேலை. ஆனால் சாவதைப் பற்றிய எண்ணம் வருகிறதா என்ற ஒன்பதாவது கேள்விக்கு ஒரு பிள்ளை “ஒவ்வொரு நாளும்” என்று புள்ளடி போட்டால் அன்று பின்னேரம் அந்தப் பிள்ளையை யார் பார்ப்பது? அதற்கு விடை இல்லாமல் அந்தத் தாளைக் கொடுப்பது பிள்ளைக்குச் செய்யும் அநியாயம்.

9. உறுப்பினர் ஒருவரே உதவி தேடி வந்தால்

வருவார். மனநல மன்றம் என்று பெயர் வைத்தால் ஒரு நாள் அமர்வு முடிந்து எல்லோரும் போன பிறகு ஒருவர் கதவடியில் நிற்பார். அன்றைக்கு என்ன செய்வது என்று முதலே பேசிவைத்திருங்கள்.

கேளுங்கள், அவசரப்படுத்தாமல். நோய்ப் பெயர் சொல்லாதீர்கள், மருந்து சொல்லாதீர்கள். ஒருவருக்கும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் பண்ணாதீர்கள். உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் சொல்லத்தான் வேண்டும், அதை அவரிடமே சொல்லுங்கள். பல்கலைக்கழகத்தின் மாணவ ஆலோசகருக்கோ, அவர் நம்பும் விரிவுரையாளருக்கோ, வைத்தியசாலைக்கோ நீங்களும் கூடப் போங்கள். தன்னைப் படிப்பிக்கும் ஆசிரியரிடமே நோயாளியாகப் போகப் பல மாணவர் கூச்சப்படுவார்கள். அது நியாயமான கூச்சம். மாவட்டத்தில் வேறு ஆதார வைத்தியசாலைகளிலும் உளநல சேவை இருக்கிறது, அங்கே போகலாம் என்று சொல்லுங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கம் 24 மணி நேரமும் இயங்கும். தொலைபேசியில் உளவளத்துணை தரும் 1333 இலக்கமும் இருக்கிறது. இரண்டையும் எல்லா அறிவித்தலின் அடியிலும் போடுங்கள். அன்று இரவு அவரைத் தனியே விடலாமா என்ற சந்தேகம் இருந்தால் விடாதீர்கள். சிரேஷ்ட பொருளாளரை எந்த நேரத்திலும் எடுத்துக் கதைக்கலாம் என்று முதலே அவரிடம் கேட்டுவைத்திருக்க வேண்டும்.

10. செலவு

பயப்படும் அளவுக்கு இல்லை. விரிவுரை மண்டபம் பீடத்துடையது, காசில்லை. முன்பதிவுக் கடிதம் மட்டும் ஒரு கிழமை முன்னதாகக் கொடுக்க வேண்டும். இணையவழி அமர்வென்றால் பல்கலைக்கழகக் கணக்கினூடாகச் சூம் கேளுங்கள், இலவசக் கணக்கு 40 நிமிடத்தில் அறுந்துவிடும். பெரிய செலவு தேநீரும் வடையும்தான். ஆளுக்கு 150 ரூபா என்று வைத்தாலும் இருபது பேருக்கு 3,000. ஒவ்வொரு அமர்வுக்கும் கொடுத்தால் வருடத்துக்கு ஐம்பதாயிரம் தாண்டும். நாங்கள் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மட்டும் வைத்தோம். அட்டைகள் அச்சிட்டு லமினேட் பண்ண, கடிதங்கள், வருபவரின் போக்குவரத்து எல்லாம் சேர்த்து வருடத்துக்கு 40,000 ரூபாவுக்குள் அடக்கலாம். உறுப்பினருக்கு வருடம் 500 ரூபா சந்தா வைத்தால் நாற்பது பேரிடம் இருந்து இந்தச் செலவில் அரைவாசி வந்துவிடும். மிச்சத்துக்குப் பீடத்தின் மாணவர் நலநிதியையோ பழைய மாணவரையோ கேளுங்கள்.

வெளிநாட்டில் உள்ள பழைய மாணவர் தாராளமாகத் தருவார்கள். அந்தக் காசு தலைவரின் சொந்தக் கணக்குக்கு ஒரு ரூபாவும் வரக்கூடாது. சிரேஷ்ட பொருளாளரின் கையெழுத்தோடு இயங்கும் கணக்குக்கு வந்து, பற்றுச்சீட்டு எழுத வேண்டும். மருந்து நிறுவனங்களின் அனுசரணை வேண்டாம். பேனையும் மதியச் சாப்பாடும் தருவார்கள், அடுத்த முறை பேச்சாளரையும் அவர்களே தருவார்கள்.

11. கையளிப்பு

தொடங்கிய நாளிலேயே இதை யோசியுங்கள். இறுதி வருடப் புரொபெசோரியல் அப்பொயின்மென்ட், அதாவது பேராசிரியர் பிரிவு வாட்டுகளில் முழுநேரப் பயிற்சி, தொடங்கியதும் உங்களுக்கு நேரம் இருக்காது. ஆகவே தலைவரும் செயலாளரும் நான்காம் வருடத்தின் நடுவிலேயே மாறட்டும். பழையவர்கள் மூன்று மாதம் பக்கத்தில் நின்று காட்டிக்கொடுக்கட்டும்.

ஒரு கோப்பில் இவ்வளவும் இருக்க வேண்டும்: யாப்பு, அனுமதிக் கடிதங்கள் முத்திரையோடு, கூட்ட அறிக்கைப் புத்தகம், வரவுப் பதிவு, கணக்குப் புத்தகம், நேர்காணல் அட்டைகளின் முழுத் தொகுதி, ஒவ்வொரு அமர்வுக்கும் பிறகு பங்குபற்றியவர்கள் பெயரில்லாமல் எழுதிய இரண்டு வரி. அந்த இரண்டு வரிகளை வருட முடிவில் தொகுத்துத் துறைக்குக் கொடுங்கள். அடுத்த வருடம் மண்டபத்துக்கும் விரிவுரையாளரின் நேரத்துக்கும் கேட்கும்போது அதைவிடப் பலமான ஆதாரம் இல்லை. அட்டைகளில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பாதியைப் புதிதாக எழுதுங்கள், இல்லாவிட்டால் கேள்வி எல்லோருக்கும் மனப்பாடம் ஆகிவிடும்.

வங்கியில் கையெழுத்து மாற்றுவதற்குப் புதிய உத்தியோகத்தரைத் தெரிவுசெய்த கூட்ட அறிக்கையின் உறுதிப்படுத்திய பிரதியும், சிரேஷ்ட பொருளாளரின் கடிதமும், புதியவர்களின் அடையாள அட்டைப் பிரதியும் கேட்பார்கள். பொதுக்கூட்டம் முடிந்த அதே கிழமையில் பழையவரும் புதியவரும் சேர்ந்து போய் முடித்துவிடுங்கள். மின்னஞ்சல், முகநூல் கடவுச்சொற்களையும் அன்றைக்கே மாற்றுங்கள்.